மாத்திரைக்குள்ள மருந்தைத் தவிர என்னதான் இருக்கு? மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக வேலை செய்கிறேன். எல்பில், கமுனிங் தோட்டங்கள் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். பால்மரக் காலத்தில் தோட்டத்து டிரெஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) கொடுத்த தண்ணி மருந்தைக் குடித்து வளர்ந்த தாத்தாவும் வருவார். பெட்டிக்குள் மடித்து வைத்த தாளைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வரும் அவருடைய பேத்தியும் வருவாள். இருவருடைய சந்தேகமும் ஒன்றுதான்: "மருந்து பேரு ஒண்ணுதான் இருக்கு, கீழ இன்னும் பத்துப் பேரு எழுதியிருக்கே, அதெல்லாம் என்ன?"

அந்தப் பத்துக்கும் தாளில் போட்டிருக்கும் தலைப்பு 'செயலற்ற பொருள்கள்'. இந்தப் பெயரில் எனக்கு உடன்பாடு இல்லை. நோயைத் தீர்ப்பது அவற்றின் வேலை அல்ல என்பது உண்மை. ஆனால் மருந்து உடம்பில் எங்கே இறங்க வேண்டும், எப்போது, எவ்வளவு வேகத்தில் என்பதையெல்லாம் பெரும்பாலும் அவைதான் தீர்மானிக்கின்றன. அதனால் இந்தப் பக்கம் முழுக்கத் துணைப்பொருள்கள் என்றே எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"500 மில்லிகிராம்னு பெட்டியில இருக்கு. நகைக்கடைத் தராசுல வெச்சா கூடக் காட்டுது. ஏமாத்துறாங்களா?"

இல்லை அண்ணே. 500 என்பது உள்ளே இருக்கும் மருந்தின் எடை மட்டும். பாரசிட்டமால் 500 மாத்திரையைத் தராசில் வைத்தால் 550, 600 என்று காட்டும். கூடுதலாக இருப்பவை மாவு, பசை, மசகு, பூச்சு போன்ற துணைப்பொருள்கள். சில மாத்திரைகளில் மருந்தைவிட இவைதான் பல மடங்கு அதிகம்.

"மருந்தை மட்டும் அப்படியே அழுத்திக் கொடுத்தா என்ன? எதுக்கு இத்தனை கலப்படம்?"

கலப்படம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். தைராய்டுக்குக் கொடுக்கும் லெவோதைராக்சினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத்திரையில் 50 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமை 20,000 பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. அதைத் தனியாகக் கொடுத்தால் கண்ணுக்கே தெரியாது, விரலில் எடுக்கவும் முடியாது. அதனால் லாக்டோஸ், மன்னிட்டால், மரக்கூழிலிருந்து எடுக்கும் மைக்ரோகிறிஸ்டலின் செல்லுலோஸ் என்று ஒரு நிரப்புப் பொருளில் கலந்து, கையால் எடுக்கும் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். அதிலும் எல்லா மாத்திரைக்கும் ஒரே அளவு மருந்து போய்ச் சேரும்படி கலக்க வேண்டும். அது லேசான வேலை இல்லை.

பாரசிட்டமாலின் சிக்கல் வேறு. மருந்து நிறைய இருக்கிறது, ஆனால் அந்தத் தூள் ஒன்றோடொன்று ஒட்டாது. அப்படியே அழுத்தினால் மாத்திரையின் தலை மூடி மாதிரி கழன்று வந்துவிடும். இங்கேதான் பசை வேண்டும். புட்டுக்கு மாவு பிசிறுவதை நினைத்துப் பாருங்கள். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசிறுவோம். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். மாத்திரைத் தொழிற்சாலையிலும் போவிடோன் கரைசலையோ மாவுக் கஞ்சியையோ ஊற்றி அதே பதத்துக்குக் குருணையாக்கி, காயவைத்து, பிறகுதான் அழுத்துகிறார்கள்.

அழுத்தும் அச்சில் குருணை ஒட்டிக்கொள்ளக் கூடாது. இட்லித் தட்டில் எண்ணெய் தடவுவது மாதிரி, மக்னீசியம் ஸ்டியரேட் என்ற வழுவழுப்பான தூளைச் சேர்ப்பார்கள். பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் அளவு கூடினாலோ, அதிக நேரம் கலக்கினாலோ, அது ஒவ்வொரு குருணையையும் மெழுகு மாதிரி மூடிக்கொள்ளும். தண்ணீர் உள்ளே போகாது, மாத்திரை நேரத்துக்குக் கரையாது. எத்தனை நிமிடம் கலக்க வேண்டும் என்பதைக்கூட எழுதி வைத்துத்தான் செய்கிறார்கள். செயலற்றது என்று பெயர் வைத்த பொருளுக்கே இவ்வளவு கவனம்.

தூளை அச்சில் அழுத்தி மாத்திரையாக்கும் முறைக்கு 1843-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியவர் வில்லியம் பிரோக்கடன். அவர் ஓர் ஓவியர். பென்சிலுக்கு நல்ல கிராபைட் கிடைக்காமல், கிராபைட் தூளை அழுத்திப் பார்த்ததில் பிறந்த யோசனை அது.

"கல்லு மாதிரி இருக்கு. வயித்துல எப்படிக் கரையும்?"

இதற்கு வாயால் பதில் சொல்வதைவிடச் செய்து காட்டுவதே எனக்குப் பிடிக்கும். கடையில் ஒரு கண்ணாடிக் கிளாஸ் வைத்திருக்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பூச்சில்லாத பாரசிட்டமால் ஒன்றைப் போடுவேன். முதலில் ஓரத்தில் ஊசிமுனை அளவு குமிழிகள் கிளம்பும். பிறகு மாத்திரையின் இரண்டு பக்கமும் உப்பும். கூர்மையாக இருந்த விளிம்பு நூல்நூலாக உதிரும். நடுவில் ஒரு கீறல் விழுந்து, ஆற்றங்கரை மணல் சரிவது போலச் சரிந்து கிளாசின் அடியில் மாவாக உட்காரும். பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் "இன்னொண்ணு போடுங்க அக்கா" என்பார்கள்.

அதைச் செய்வது உடைக்கும் பொருள். குரோஸ்கார்மெல்லோஸ் சோடியம், சோடியம் ஸ்டார்ச் கிளைக்கோலேட் என்று தாளில் பார்த்திருப்பீர்கள். தண்ணீரை உறிஞ்சி வீங்கி, மாத்திரையை உள்ளிருந்து பிளந்துவிடும். சோள மாவும் உருளைக்கிழங்கு மாவும் இதே வேலையைச் செய்யும். தரச் சோதனையில் 37 பாகை வெப்பமுள்ள தண்ணீரில் ஆறு மாத்திரைகளைப் போட்டு மேலும் கீழும் ஆட்டுவார்கள். பிரிட்டிஷ் மருந்து நூலின் விதிப்படி பூச்சில்லாத சாதாரண மாத்திரை 15 நிமிடத்துக்குள் உடைய வேண்டும். மெல்லிய பூச்சு உள்ளதற்கு 30 நிமிடம். பசை பிடித்து வைக்கப் பார்க்கும், இது பிளக்கப் பார்க்கும். பெட்டியில் குலுங்கும்போது உடையாமலும், வயிற்றில் விழுந்ததும் உடைந்தும் போகிற மாத்திரை அந்த இழுபறியில்தான் கிடைக்கிறது.

"மேல கலர் பூசுறது அழகுக்குத்தானே?"

ஓரளவுக்கு ஆமாம். ஐந்து மாத்திரை சாப்பிடும் பாட்டிக்கு 'ரோஸ் காலையில, மஞ்சள் ராத்திரியில' என்று அடையாளம் வைக்க உதவும். கசப்பை மறைக்கும், ஈரமும் வெளிச்சமும் படாமல் காக்கும், தொண்டையில் வழுக்கி இறங்கும்.

ஆனால் வேறு ஒரு வகைப் பூச்சு இருக்கிறது. அதைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குப் புரியவைப்பது எனக்குச் சுலபம். ரப்பர் பாலில் அமோனியா ஊற்றினால் உறையாமல் நிற்கும், பார்மிக் ஆசிட் ஊற்றினால் கட்டியாகும். ஆசிட் இருக்கும் இடத்தில் ஒரு குணம், இல்லாத இடத்தில் இன்னொரு குணம். குடல் பூச்சும் அப்படித்தான். வயிற்றின் அமிலத்தில் கரையாமல் கெட்டியாக நிற்கும். அமிலம் தணிந்த சிறுகுடலுக்குப் போனதும் கரையும். சோதனையிலும் இதையே பார்க்கிறார்கள்: அமிலத்தில் இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும், பிறகு அமிலம் தணிந்த, நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் கரைசலில் ஒரு மணி நேரத்துக்குள் உடைய வேண்டும். வலிக்குக் கொடுக்கும் டைக்ளோபெனாக் இப்படிப் பூசி வருவது வயிற்றைத் தொந்தரவு செய்யாமல் இருக்க. ஒமிப்ரசோல் அப்படி வருவதற்குக் காரணம் வேறு, வயிற்று அமிலம் பட்டால் மருந்தே கெட்டுவிடும்.

"மாமியாருக்கு முழுங்க முடியல. இடிச்சுக் கஞ்சியில கலந்து கொடுக்கலாமா?"

தயவுசெய்து, கேட்காமல் இடிக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு மருமகள் இதையேதான் செய்தார். மாமியாருக்கு இரத்த அழுத்தத்துக்கு நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் நிபெடிபின். தொண்டையில் சிக்குகிறது என்று அம்மிக் குழவியால் நுணுக்கி, காலைக் கஞ்சியில் கலந்து ஊட்டியிருக்கிறார். ஒரு நாளைக்கு என்று வைத்த மருந்து மொத்தமும் ஒரே அடியாக இரத்தத்தில் ஏறியது. அழுத்தம் சரசரவென இறங்கி, குளியலறை வாசலில் பாட்டி சாய்ந்துவிட்டார். பிழைத்து நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த மருமகள் அழுத அழுகையை நான் மறக்கவில்லை. அன்பாகச் செய்த காரியம். அந்த மாத்திரையைக் கொடுத்தபோது 'இடிக்கக் கூடாது' என்று நாங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டியிலும் கையால் எழுதி ஒட்டுகிறோம்.

பெயருக்குப் பின்னால் எக்ஸ்ஆர் (XR), எஸ்ஆர் (SR), எல்ஏ (LA), ரிட்டார்ட் (Retard) என்று இருந்தால் அது மெதுவாக வேலை செய்யும் மாத்திரை, இடிக்கவோ கடிக்கவோ கூடாது. குடல் பூச்சு உள்ளவையும் அப்படித்தான். நடுவில் கோடு போட்டிருந்தால் பெரும்பாலும் அந்தக் கோட்டில் பாதியாக்கலாம், ஆனால் அதற்காக நுணுக்கலாம் என்று அர்த்தமில்லை. விழுங்கக் கஷ்டமாக இருந்தால் சொல்லுங்கள். அதே மருந்து தண்ணி மருந்தாகவோ, கரையும் மாத்திரையாகவோ கிடைக்கலாம், இல்லாவிட்டால் டாக்டரிடம் வேறு மருந்து கேட்கலாம்.

"வெளிக்குப் போகும்போது மாத்திரை அப்படியே வந்திருக்கு. மருந்து ஏறவே இல்லையா?"

வெட்கப்பட்டுக் கடைசியாகக் கேட்பார்கள். பயப்பட வேண்டாம். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்பார்மின் எக்ஸ்ஆர் போன்றவற்றில் ஹைப்ரோமெல்லோஸ் என்ற பொருள் தண்ணீர் பட்டதும் ஜவ்வரிசி மாதிரி கொழகொழப்பாகி மருந்தைப் பிடித்துக்கொள்ளும். மருந்து அதற்குள்ளிருந்து மணிக்கணக்கில் கசிந்து வெளியேறும். மருந்தெல்லாம் போன பிறகு கூடு மட்டும் வெளியே வரும். நீங்கள் பார்த்தது அந்தக் கூடு. மேலே சொன்ன கஞ்சிப் பாட்டி விஷயத்தில் நுணுங்கிப் போனது இந்த மாதிரி ஓர் அமைப்புதான். சாதாரண, சட்டெனக் கரைய வேண்டிய மாத்திரை முழுசாக வந்தால் மட்டும் எங்களிடம் சொல்லுங்கள்.

"எனக்குப் பால் ஒத்துக்காது. லாக்டோஸ்னு போட்டிருக்கே, சாப்பிடலாமா?"

பெரும்பாலும் சாப்பிடலாம். 250 மில்லி பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. ஒரு மாத்திரையில் 200 மில்லிகிராம் இருந்தால்கூட, ஒரு கிளாஸ் பாலுக்குச் சமமாக 60 மாத்திரை சாப்பிட வேண்டும். தே தாரே குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்கள் பலர் இந்த அளவைத் தாங்கிக்கொள்வார்கள். பிறவியிலேயே லாக்டோஸ் சேராதவர்கள், பாலுக்கே அலர்ஜி உள்ளவர்கள் கதை வேறு. முன்கூட்டியே சொல்லிவிட்டால் லாக்டோஸ் இல்லாததைத் தேடித் தருவோம்.

"தைப்பூசத்துக்கு விரதம் இருக்கேன். மாத்திரையில மாடு, பன்னி ஏதும் இருக்குமா தங்கச்சி?"

இருக்கலாம். கூட்டு மாத்திரை என்று நாம் சொல்லும் கேப்சூலின் கூடு பெரும்பாலும் ஜெலட்டின். அது மாட்டுத் தோல், எலும்பிலிருந்தோ பன்றியிலிருந்தோ வரும். அழுத்திய மாத்திரையில் ஜெலட்டின் குறைவு, ஆனால் நான் சொன்ன மக்னீசியம் ஸ்டியரேட் விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கப்படலாம், செம்பனை போன்ற தாவர எண்ணெயிலிருந்தும் எடுக்கப்படலாம். பெயரை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. லாக்டோஸ் பாலிலிருந்து வருவது.

மலேசியாவில் நமக்கு ஒரு வசதி. விலங்கிலிருந்து எடுத்த பொருள் இருந்தால் லேபிளில் அதன் மூலத்தைச் சொல்ல வேண்டும் என்பது பதிவு விதி. ஹலால் மருந்துகளுக்கு எம்எஸ் 2424 என்ற தனித் தர நிர்ணயமும் உண்டு. ஹலால் முத்திரை பன்றி இல்லை என்று உறுதி சொல்லும், ஆனால் மாடு இல்லை என்று சொல்லாது. நம் ஆட்கள் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். தாவரக் கூடு உள்ள கேப்சூல்களும் கிடைக்கின்றன. சர்க்கரைக்கோ பிரஷருக்கோ சாப்பிடுவதை மட்டும் விரதம் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று இருக்கிறதா என்று பார்க்க ஒரு வாரம் முன்னாடியே வாருங்கள்.

"அரசாங்க கிளினிக்ல போன மாசம் வெள்ளை, இந்த மாசம் மஞ்சள். மருந்தை மாத்திட்டாங்களா?"

பெரும்பாலும் மருந்து அதேதான், தயாரித்த கம்பெனி வேறு. மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிறம், வடிவம், நிரப்புப் பொருள் மாறலாம். மாற்றுத் தயாரிப்புக்கு இரத்தத்தில் எவ்வளவு மருந்து ஏறுகிறது, எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்று மூல மருந்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கிறார்கள். மூல மருந்தை நூறு என்று வைத்தால், அந்த விகிதத்தின் நம்பக எல்லை (சோதனையின் ஏற்றத்தாழ்வையும் சேர்த்துக் கணக்கிட்ட வீச்சு) முழுவதும் 80-க்கும் 125-க்கும் இடையில் விழ வேண்டும். '20 சதவீதம் மருந்து குறையலாமாம்' என்று சிலர் சொல்வது தவறான புரிதல். எல்லையின் இரண்டு முனையும் உள்ளே இருக்க வேண்டுமென்றால் சராசரி நூறுக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஆக, பெரும்பாலான மருந்துகளுக்கு நிறம் மாறியதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஆனால் சில மருந்துகளில் நான் ஜாக்கிரதையாக இருப்பேன். 1968-இல் ஆஸ்திரேலியாவில் வலிப்புக்குக் கொடுத்த பெனிட்டோயின் கேப்சூலில் நிரப்புப் பொருளை மட்டும் மாற்றினார்கள். கால்சியம் சல்பேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸ் போட்டார்கள். மருந்தின் அளவு அதேதான். ஆனால் பழைய நிரப்பி மருந்தைக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்தது, லாக்டோஸ் அப்படிச் செய்யவில்லை. இரத்தத்தில் மருந்து ஏறி, நோயாளிகளுக்கு மயக்கமும் தள்ளாட்டமும் வந்தன. 2017-இல் பிரான்சில் தைராய்டு மாத்திரையில் லாக்டோசுக்குப் பதில் மன்னிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தபோது ஆயிரக்கணக்கானோர் களைப்பு, முடி உதிர்வு என்று புகார் செய்தார்கள். வலிப்பு, தைராய்டு, இரத்தம் உறையாமல் காக்கும் வார்பரின் இவற்றில் கம்பெனி மாறினால், புதிதாக ஏதாவது உணர்ந்தால், சும்மா இருக்காமல் கிளினிக்கில் சொல்லி இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

"மாத்திரை கலருக்கு அரிப்பு வருமா?"

அபூர்வமாக வரும். டார்ட்ரசின் என்ற மஞ்சள் நிறம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு கம்பெனி மாத்திரைக்கு அரிப்பு வந்து, அதே மருந்து வேறு கம்பெனியில் வரவில்லை என்றால் துணைப்பொருளைச் சந்தேகிக்கலாம். பழைய பெட்டியைத் தூக்கிப் போடாமல் எடுத்து வாருங்கள், இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

"தண்ணியில போட்டா பொங்குற மாத்திரைதான் எனக்குச் சுலபம். பிரஷர் இருக்கு, பரவாயில்லையா?"

எப்போதாவது ஒன்று என்றால் பெரிய விஷயம் இல்லை. தினமும் என்றால் வேண்டாம். அந்தப் பொங்கலுக்குக் காரணம் சோடியம் பைகார்பனேட்டும் ஓர் அமிலமும். சில பொங்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றிலேயே 400 மில்லிகிராம் அளவுக்கு சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு போட்டால் 3,200. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 2,000-க்குக் கீழ். கருவாட்டையும் ஊறுகாயையும் ஒதுக்கி வைத்துவிட்டு, மாத்திரை வழியாக உப்பை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறோம்.

"காடியில மறந்து வெச்சுட்டேன். அட்டையிலிருந்து பிரிச்சு டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன். கெட்டுப் போகுமா?"

நம் ஊர் வெயிலும் ஈரமும் மாத்திரைக்கு எதிரி. இந்த வட்டாரத்தில் விற்கும் மருந்துகளை 30 பாகை வெப்பம், 75 சதவீத ஈரப்பதத்தில் வைத்துச் சோதிக்கச் சொல்வது அதற்காகத்தான். ஆனால் அந்தச் சோதனை அட்டையோடு, பாட்டிலோடு வைத்துச் செய்வது. பிரித்துவிட்டால் அந்தக் காப்பு இல்லை. கிளாஸ் தண்ணீரில் பார்த்தோமே, அந்த உடைக்கும் பொருளுக்கு வயிற்றுத் தண்ணீரா, அடுப்படி ஆவியா என்று தெரியாது, கிடைத்த ஈரத்தைக் குடிக்கும். மாத்திரை உப்பி, மேலே வெடித்து, தொட்டால் மாவாகும். அப்படி இருந்தால் சாப்பிடாதீர்கள். நாள்வாரி டப்பாவில் போடுவதென்றால் ஒரு வாரத்துக்கு மட்டும் போடுங்கள். வெயிலில் நிறுத்திய காடியிலும் சாமி அறை விளக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம்.

"பாசார் மாலாம்ல மூட்டு வலி மாத்திரை விக்கிறாங்க. வெறும் மூலிகை, கெமிக்கலே இல்லைங்கிறாங்க. அதுல என்ன சேர்த்திருப்பாங்க?"

இரவுச் சந்தையில் விற்பதைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது, அதுதான் பயம். துணைப்பொருள் சரியில்லாததால் உயிர்கள் போயிருக்கின்றன. 1937-இல் அமெரிக்காவில் சல்பானிலமைடு என்ற மருந்தைத் தண்ணி மருந்தாக்க டையெத்திலீன் கிளைக்கோலில் கரைத்தார்கள். மருந்தில் குற்றமில்லை, கரைத்த திரவம் நஞ்சு. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். விற்கும் முன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் அடுத்த ஆண்டே அங்கே வந்தது. 2022-இல் காம்பியாவில் இருமல் மருந்தில் அதே வகை நஞ்சு கலந்து மறுபடியும் குழந்தைகள் இறந்தார்கள். மூட்டு வலி மாத்திரைகளில் வேறு ஆபத்தும் உண்டு: டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சொல்லாமல் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அதைச் சாப்பிட்டால் வலி மாயமாய்ப் போகும். முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், திடீரென நிறுத்தினால் ஆளே விழுந்துவிடலாம். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் போங்கள்.

வாங்கும் முன் பெட்டியில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணையும் ஹாலோகிராம் ஒட்டியையும் பாருங்கள். எண்ணின் கடைசியில் 'டி' (T) என்ற எழுத்து இருந்தால் பாரம்பரிய மருந்து. மூலிகைக்கும் பதிவு உண்டு. எண் இருந்தால் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையப் பக்கத்தில் போட்டு, அதே பெயர் வருகிறதா என்று பார்க்கலாம், போலி எண்ணும் நடமாடுகிறது. தேடத் தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள், ஐந்து நிமிட வேலை. வரும்போது பெட்டியோடு கொண்டு வாருங்கள். தாளில் சுற்றிய ஒற்றை மாத்திரையில் எனக்குப் படிக்க ஒன்றும் இருக்காது.